ஆராய்ச்சி மணியை யார் அடிப்பது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பி.காம். படித்தவனுக்கு எதையும் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் புரியும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் பையில் 900 கிராம் கஞ்சாவோடு போலீஸிடம் சிக்குகிறார். ஒரு கிலோவுக்குக் கீழே என்பதால் சட்டத்தின் பாஷையில் அது ‘சிறிய அளவு’. அதிகபட்சம் ஓராண்டு கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொருவர் தன் வீட்டு மொட்டை மாடியில், துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே, ஒரே ஒரு கஞ்சாச் செடி வளர்க்கிறார். யாருக்கும் விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. அவருக்கு அதிகபட்சத் தண்டனை எவ்வளவு?

பத்து ஆண்டு கடுங்காவல். கூடவே ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம்.

அச்சுப் பிழை இல்லை. போதைப் பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985. பிரிவு 20. அந்தச் சட்டம் அமலுக்கு வந்த தேதி நவம்பர் 14, குழந்தைகள் தினம்! கையில் வைத்திருப்பதற்கு கிராம், கிலோ என்று அளவுகோல் உண்டு. பயிரிடுவதற்கு அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. பத்து ஏக்கரும் பயிர்தான், ஒரு தொட்டியும் பயிர்தான். சட்டம் எழுதியவர்களின் மனக்கண்ணில் மலைச்சரிவில் மறைவாகப் பயிரிட்டு மூட்டை மூட்டையாக இறக்குகிற கூட்டம் ஓடியிருக்க வேண்டும். நம்மூரில் கம்பம் பக்கத்து மலைகளுக்கு ஒரு காலத்தில் அப்படிப் பெயர் இருந்தது. திருவொற்றியூர் மொட்டை மாடி அவர்களுடைய யோசனையில் வந்திருக்க வாய்ப்பில்லை.

திருவொற்றியூர் என்று சும்மா சொல்லவில்லை. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி இருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காலையில் இட்லிக் கடை, மதியத்துக்கு மேல் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திர வேலை. கணவர் இல்லை. மாமியார் காலத்து ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட ஒரு வீடு, பத்திரம் இவர் பெயரில். ஒரே மகன். வயது 19. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கப்பல் வேலைக்குப் போகவேண்டும் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான்.

காசிமேட்டில் மீன் வந்து இறங்கும் தெர்மகோல் பெட்டிகள் இருக்கின்றனவே, ஓரம் உடைந்ததும் அவை நேராக வடசென்னை மொட்டை மாடிகளுக்கு வந்துவிடும். மண்ணைக் கொட்டினால் தோட்டம். இந்த அம்மாவின் மாடியிலும் நான்கைந்து பெட்டிகள். தக்காளி, கனகாம்பரம், கீரை. ஒரு பெட்டியில் தான் விதைக்காத ஏதோ ஒன்று முளைத்து இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது.

“இன்னா செடின்னு தெரியாமலே ரெண்டு மாசம் தண்ணி ஊத்திக்கினு இருந்தேன் சார். இலை வெரல் வெரலா இருக்கவும் புளிச்சகீரைன்னு நெனச்சிக்கினேன். நல்ல வேளை, கடையலாம்னு கிள்ளப் போகும்போது வாசனை மூக்குல ஏறிச்சி...”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த வரியிலேயே அழுதார்.

மகனைக் கேட்டிருக்கிறார். அவன் மறைக்கவில்லை. “வெளிய வாங்குனா எவன் எவன் கிட்டயோ போய் நிக்கணும்மா. இன்னா கலந்து தர்றான்னே தெரியாது. நான் என் வீட்டு மாடில, என் பாட்டுக்கு இருக்கேன். இதுல யாருக்கு இன்னா நஷ்டம்?”

அந்த அம்மா என்னிடம் கேட்டது வேறு. “பேப்பர்ல எழுதற ஆளு நீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் இத்த போலீசுல சொல்லணுமா சார்?”

ஏதோ பயத்தில் கேட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினால், கேள்வி அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பிரிவு 46 சொல்வது இது: தன் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சாச் செடி பயிரிடப்பட்டிருந்தால் நிலத்துக்குரியவர் உடனடியாகப் போலீஸுக்கோ உரிய அதிகாரிக்கோ தகவல் கொடுக்கவேண்டும். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் தண்டனை உண்டு. அதற்கென்று தனியாக எவ்வளவு என்று போடாததால் பொதுப் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. அதோடு முடியவில்லை. பிரிவு 25 இருக்கிறது. தன் வீட்டை இந்தச் சட்டப்படியான குற்றத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதிப்பவருக்கு, அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. அதாவது, சட்டத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், இலை என்னவென்று தெரிந்த பிறகும் அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தால் மகனுக்குரிய அதே பத்தாண்டு அவர் தலைக்கு மேலும் தொங்கும்.

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் சமாதானம் சொன்னார். “அதெல்லாம் யாருப்பா அம்மா மேல கேஸ் போடப்போறா? ‘வரை’னுதான் இருக்கு. குறைந்தபட்சம்னு எதுவும் இல்லை. ஜட்ஜ் பார்த்துச் செய்வார்.” சரிதான். உச்ச நீதிமன்றமே உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் 2004-ல் நிதானமாக நடந்துகொண்டிருக்கிறது. ஒருவருடைய இடத்தில் பத்து கஞ்சாச் செடிகள் இருந்தன. விதை தானாக விழுந்தும் முளைத்திருக்கலாம், முளைத்திருப்பது மட்டுமே பயிரிட்டதற்குச் சாட்சி ஆகாது என்று அவரை விடுவித்தது. ஆனால் மொட்டை மாடியில், தெர்மகோல் பெட்டிக்குள், எரு போட்டு வளர்ந்த செடியைக் காட்டி “காக்கா போட்ட விதை” என்று எந்த வக்கீல் வாதாடுவார்? தவிர, பயன்படுத்த மாட்டார்கள் என்பதற்காக ஒரு சட்டம் ஆபத்தில்லாததாகிவிடாது. கையெழுத்துப் போட்டு வைத்த வெற்றுக் காசோலை பீரோவுக்குள் இருந்தாலும் கவலைதான். எந்த நாளில் யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. பக்கத்து வீட்டில் தண்ணீர் லாரி சண்டை வந்தால் போதும்.

ஆக, பிரச்னை செடி நல்லதா கெட்டதா என்பது மட்டுமல்ல. அந்த விவாதத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயது. 1893-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்த ஒரு கேள்வியால், பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் ஒரு கமிஷன் போட்டது. ஏழு உறுப்பினர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள், பெரிய பெரிய தொகுதிகளாக அறிக்கை. அளவாகப் பயன்படுத்தினால் அநேகமாகக் கெடுதல் இல்லை, மிஞ்சினால் கெடுதல், முழுத் தடை தேவையுமில்லை, உசிதமுமில்லை என்பது முடிவு. கஞ்சாவை ஆதரிப்பவர்கள் இதை இன்றைக்கும் வேதவாக்காகச் சொல்வார்கள். அந்தக் கமிஷனில் இருந்த மூன்று இந்தியர்களில் இரண்டு பேர் மாறுபட்டு எழுதி வைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரிக்கு அது வரி கட்டுகிற சரக்கு. கூட வாழ்கிறவனுக்கு அது தெருவில் இருக்கிற பையன். பார்வை வேறுபடத்தானே செய்யும்?

இன்றைக்கு மருத்துவம் சொல்வதும் பையன்களைப் பற்றித்தான். மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. அதற்கு முன்னால், அதுவும் தினசரி, கஞ்சா பிடிப்பவர்களுக்கு மனச்சிதைவு மாதிரியான நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே அந்த நோய் இருந்தால் இன்னும் கூடுதல். எல்லோருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. “செடிதானே, இயற்கைதானே” என்கிற வசனத்தை நான் ஏற்கவில்லை. அரளியும் இயற்கைதான்.

ஆனால் 19 வயதுப் பையன் கேட்ட கேள்வி இருக்கிறதே, “யாருக்கு இன்னா நஷ்டம்?” அதை இதே நேர்மையோடு கேட்டவர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1859-ல் வெளியான ‘சுதந்திரம்’ பற்றிய அவருடைய புத்தகத்தின் சாரமே அதுதான். ஒருவன் செயல் இன்னொருவனுக்குத் தீங்கு செய்தால்தான் அரசு தடுக்கலாம், அவனுடைய நன்மைக்காகவே என்று சொல்லிக்கொண்டு அவன் கையைப் பிடிக்கக் கூடாது. சீனா அபின் இறக்குமதியைத் தடுத்ததைக்கூட, வாங்குகிறவனின் சுதந்திரத்தில் தலையிடுவது என்றார் அவர். இதில் ஒரு வேடிக்கை. மில் 35 வருடம் சம்பளம் வாங்கியது கிழக்கிந்திய கம்பெனியில். வங்காளத்து அபினில் ஏகபோகம் வைத்திருந்த அதே கம்பெனி! வணிகவியல் மாணவனாக எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் புருவம் உயரத்தான் செய்கிறது. தவிர, இந்தச் சுதந்திரமெல்லாம் முதிர்ந்த வயதினருக்கும் ‘முன்னேறிய’ சமூகங்களுக்கும்தான் என்று அவர் ஓரமாகச் சொல்லிவிட்டார். நம்மை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

போகட்டும். சொன்னவர் யாராக இருந்தாலும் சொன்ன விஷயத்தில் சத்து இருக்கிறது. அது நமக்குப் புதிதும் இல்லை.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. கதை உங்களுக்குத் தெரியும். இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கிச் செத்தது. தாய்ப் பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. ராஜா தன் மகனையே தேர்க்காலில் இட்டார். பள்ளிக்கூடத்தில் இதை ராஜாவின் பெருமையாகப் படித்தோம். எனக்கு இப்போது இரண்டு விஷயங்கள் வேறு மாதிரி தெரிகின்றன.

ஒன்று, மணி. அந்த வழக்கில் மணி அடிக்க ஒரு பசு இருந்தது. தன் கன்றை இழந்த பசு. வாதி இருந்ததால்தான் வழக்கு இருந்தது. தெர்மகோல் பெட்டியில் வளர்ந்த செடிக்கு எந்தப் பசு வந்து மணியை அடிக்கும்? மில் பெரிய புத்தகம் எழுதிச் சொன்னதை நம்மூர்க் கதை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது.

இரண்டாவது, அந்த மந்திரி. பெரிய புராணத்தில் ராஜா முதலில் மகனைக் கொல்லும் வேலையை ஒரு மந்திரியிடம்தான் கொடுக்கிறார். அந்த மனிதர் இளவரசன் மேல் தேரை ஓட்ட மனம் வராமல் தன் உயிரை விட்டுவிடுகிறார். பிறகுதான் ராஜா தானே தேரேறுகிறார். யாரும் பேசாத பாத்திரம் அவர். அவரும் குற்றம் செய்யவில்லை, அவருக்கும் வழக்கில் சம்பந்தமில்லை. ஆனால் நீதியின் பாரம் அவர் தோளில் இறக்கப்பட்டது. பிரிவு 46 அந்த அம்மாவை நிறுத்துகிற இடம் கிட்டத்தட்ட அதுதான். கதையில் கடைசியில் சிவபெருமான் வந்து கன்று, மகன், மந்திரி எல்லோரையும் எழுப்பிவிட்டார். உயர் நீதிமன்றத்தில் அந்த வசதி கிடையாது.

‘அப்படியானால் பெற்றவர்கள் எதையும் மறைக்கலாமா?’ என்று உடனே ஒரு வாசகர் கார்டு போடுவார். சீனாவில் கன்ஃபூசியஸிடம் ஒரு சிற்றரசர் இதைப் பெருமையாகவே சொன்னார். எங்கள் ஊரில் ஒருவன் எவ்வளவு நேர்மை தெரியுமா, ஆட்டைத் திருடிய அப்பனுக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னான் என்று. கன்ஃபூசியஸ் அசரவில்லை. எங்கள் ஊரில் நேர்மை என்பது வேறு. அங்கே அப்பன் மகனை மறைப்பான், மகன் அப்பனை மறைப்பான், நேர்மை அதற்குள்தான் இருக்கிறது என்றார். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாக இந்தப் பதிலை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு கன்ஃபூசியஸோடு முழு உடன்பாடு இல்லை. ஆடு தொலைத்தவனும் ஒரு மனிதன்தானே? அவன் வீட்டில் அன்றைக்கு என்ன சமைத்தார்கள்? குடும்பப் பாசம் என்கிற பெயரில் நம் நாட்டில் மறைக்கப்படுகிற குற்றங்கள் கொஞ்சமா? மருமகளைக் கொளுத்தியதை மறைத்த மாமியார்கள் உண்டு. குடித்துவிட்டு நடைபாதையில் காரை ஏற்றிய பிள்ளைக்காக டிரைவரைச் சரணடையச் சொல்லும் அப்பாக்கள் உண்டு. அங்கேயெல்லாம் அடிபட்ட ஒரு பசு வாசலில் நிற்கிறது. அம்மாவாக இருந்தாலும் பேசித்தான் ஆகவேண்டும்.

இந்தச் செடியில் அப்படி யாரும் நிற்கவில்லை. சரியாகச் சொன்னால், நிற்பது ஒரே ஒருவர். அந்த அம்மா. இழக்கப்போகிற கன்றும் அவருடையது, தேர்க்காலுக்குப் போகவேண்டிய பிள்ளையும் அவருடையது. “யாருக்கு இன்னா நஷ்டம்” என்று கேட்ட பையனுக்கு இது தெரியவில்லை. அவன் மாடி என்கிறான். கீழே இட்லி மாவு ஆட்டுகிற சத்தம் அவன் காதில் விழவில்லை. சுதந்திரம் பேசுகிற எல்லாக் கட்டுரைகளிலும் தோட்டத்தைச் சுற்றி நல்ல உயரமான மதில் ஒன்று இருக்கும். வடசென்னையில் ஏது மதில்? ஒரு மாடியில் இருமினால் நாலு மாடி தள்ளி “இன்னா இருமல்?” என்று கேட்கிற ஊர். ஒரு பையனுக்கு ஆகிற கெடுதலில் பாதி அவன் அம்மாவின் பேரேட்டில்தான் பற்று எழுதப்படுகிறது.

பையனின் பதிலில் இன்னொரு பாதி நிஜமும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். வாங்கினால் வியாபாரியிடம் போகவேண்டும், இன்றைக்குக் கஞ்சா கொடுப்பவன் நாளைக்கு மாத்திரையும் ஊசியும் கொடுப்பான் என்பது கற்பனை இல்லை. செடி வளர்த்ததால் அவன் அந்தச் சந்துக்குப் போகவில்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? புகைத்துப் பிடிபட்டால் ஆறு மாதம் வரை. பொட்டலம் வாங்கி வைத்திருந்தால் ஒரு வருடம் வரை. வளர்த்தால் பத்து வருடம் வரை. விலைப் பட்டியல் இப்படி இருந்தால் வாடிக்கையாளர் எந்தக் கடைக்குப் போவார் என்று பிளஸ் டூ வணிகவியல் மாணவன்கூடச் சொல்லிவிடுவான். பையனைச் சந்துக்கு அனுப்புவது சட்டம்தான்.

போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிற பிரிவு ஒன்று, 64-ஏ, இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. நல்ல பிரிவு. ஆனால் அது உட்கொண்ட குற்றத்துக்கும் ‘சிறிய அளவு’ குற்றங்களுக்கும்தான். செடிக்குத்தான் அளவே கிடையாதே! வாங்கிப் பிடித்தவனுக்குத் திறக்கிற ஆஸ்பத்திரிக் கதவு, வளர்த்துப் பிடித்தவனுக்குத் திறக்குமா என்பது வக்கீல்கள் வாதாடிப் பார்க்கவேண்டிய சமாச்சாரம்.

இந்த இடத்தில் வடசென்னை நண்பர்கள் கோபப்படுவார்கள், தெரியும். “எங்க மாடில ஒரு செடிக்குப் பத்து வருஷம்னு சொல்றீங்களே, எங்க மாடில கொட்டுறதுக்கெல்லாம் எத்தனை வருஷம்?” நியாயமான கோபம். 2011 வரைக்கும் ராயபுரத்தில் காயப்போட்ட வேட்டி துறைமுகத்து நிலக்கரித் தூளில் கறுத்துத்தான் கீழே வந்தது. கோர்ட் தலையிட்ட பிறகுதான் நிலக்கரி அங்கிருந்து எண்ணூருக்குப் போனது. எண்ணூர்க்காரர்களுக்கு அதில் என்ன சந்தோஷம் என்று கேட்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் கழிமுகத்தையே கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலையின் கடல் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அங்கே மணி அடிக்க ஆயிரம் பசுக்கள் இருந்தன.

ஆனாலும் இந்த வாதத்தில் நான் ரொம்ப நேரம் நிற்க விரும்பவில்லை. பெரிய கம்பெனி தப்புவது, சின்னப் பையன் செய்ததைச் சரியாக்காது. முக்கியமாக, இட்லிக் கடை அம்மாவுக்கு அந்தக் கோபத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் அமோனியாவுக்கு ஓடியவர்தான். இருந்தாலும் அவருடைய கேள்வி அமோனியாவைப் பற்றியதல்ல.

வெளிநாட்டு உதாரணமும் அவருக்கு உதவாது. ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து 18 வயதானவர் வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். கனடாவில் 2018-லிருந்து பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நாலு. தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம், ஒருவர் தனக்காகத் தன் இடத்தில் வளர்ப்பது அந்தரங்க உரிமை என்று 2018-ல் தீர்ப்பு சொன்னது. தாய்லாந்து 2022-ல் கதவை அகலத் திறந்துவிட்டு, பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு 2025-ல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பாதி மூடியது. நம் நாட்டிலேயே உத்தரகாண்டில் நாருக்காகச் சணல்வகைக் கஞ்சா பயிரிட லைசென்ஸ் உண்டு. காசியில் அரசு லைசென்ஸோடு பாங் விற்கிறார்கள். ஏனென்றால் பூ இல்லாத தனி இலை, சட்டத்தின் வரையறைப்படி கஞ்சாவே கிடையாது. இலை தப்பில்லை, செடி தப்பு! இதையெல்லாம் அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். “ஜெர்மனில பையனுக்குப் பதினெட்டு வயசு ஆச்சுன்னா அம்மாக்குக் கவலை போயிடுமா சார்?” என்று கேட்டார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

திருவொற்றியூரில் கடலோரமாக ஒரு சமாதி இருக்கிறது. பட்டினத்தாருடையது. மாளிகை, கப்பல், கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே நாளில் உதறிவிட்டுக் கோவணத்தோடு கிளம்பிய செட்டியார். அவரும் நம்ம வணிகவியல் ஆள்தான்! ஆனால் அம்மா இறந்த சேதி வந்தபோது, எங்கே இருந்தாலும் வந்து நின்று, பச்சை வாழைமட்டையை அடுக்கிப் பாடி எரித்தார் என்று சொல்வார்கள். முற்றும் துறந்தவருக்கே அந்த ஒரு கணக்கை மட்டும் மூட முடியவில்லை. அந்த மண்ணில் வாழ்கிற ஒரு அம்மாவிடம் போய், பிள்ளையின் கணக்கை நீயே மூடி ஸ்டேஷனில் ஒப்படை என்று சட்டம் கேட்கிறது.

அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒளிக்காமல் சொன்னேன், பிரிவு எண்ணோடு. பிறகு என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். உங்கள் பையன் கெடுத்துக்கொள்வது தன்னை மட்டும்தான் என்றால் காட்டிக்கொடுக்க வேண்டிய தர்மம் உங்களுக்கு இல்லை. அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிற தர்மம் இருக்கிறது. அரசாங்கத்தின் 14446 என்கிற இலவச உதவி எண் இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கே போகவேண்டும் என்று கேட்டால் சொல்வார்கள், அடிக்கமாட்டார்கள். ஆனால் என்றைக்கு அவன் அந்தச் செடியிலிருந்து ஒரு கொத்தைக் கிள்ளித் தெருக்கோடியில் கிரிக்கெட் விளையாடுகிற பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கொடுக்கிறானோ, காசுக்கோ சும்மாவோ, அன்றைக்கு இன்னொரு அம்மா மணிக் கயிற்றைப் பிடிக்கிறாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் பாசம் இல்லை.

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “அத்த மட்டும் நான் வுட மாட்டேன் சார். வெளக்குமாத்தாலயே...” என்றார்.

செடியை ஏற்கெனவே பிடுங்கிவிட்டதாக அப்புறம்தான் தெரிந்தது. சட்டப்படி பார்த்தால் சாட்சியத்தை அழித்த கணக்கில் அதற்கும் ஒரு பிரிவைத் தேடி எடுத்துவிடலாம். பிள்ளையைத் திருத்த ஒரு தாய் செய்கிற காரியம் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு பிரிவு காத்திருக்கிறது. பிடுங்கினால் ஒன்று, பிடுங்காவிட்டால் ஒன்று, சொல்லாவிட்டால் ஒன்று. சொன்னால் மட்டும்தான் இவர் பேரில் எதுவும் இல்லை. அதற்குள் பையனின் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வீட்டுக்கு வந்துபோய்விட்டது. இட்லி சாப்பிட்டுவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மாடிக்கு ஏறாமலே போனார்களாம்.

இதை மாற்றுவது அப்படியொன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. கொலைகாரனுக்கே அடைக்கலம் கொடுத்தாலும், கொடுத்தது கணவனோ மனைவியோ என்றால் குற்றமில்லை என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் விதிவிலக்கு இருந்தது. புதிதாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது அப்படியே இருக்கிறது. கட்டின உறவுக்குக் கொடுத்த சலுகையைப் பெற்ற உறவுக்குக் கொடுக்க ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. 1985-ம் வருடத்துச் சட்டத்தை ஏற்கெனவே நான்கு முறை திருத்தியிருக்கிறார்கள். அதில் 2014 திருத்தத்தின்போது ஓர் உட்பிரிவின் எழுத்து மாறிப்போய், கடத்தலுக்குப் பணம் போடுகிறவர்களைத் தண்டிக்கிற பிரிவு இல்லாத ஒரு பட்டியலைச் சுட்டிக்கொண்டு ஏழு வருடம் அந்தரத்தில் தொங்கியது. 2021-ல் கண்டுபிடித்து, அவசரச் சட்டம் போட்டு, அந்த ஓர் எழுத்தைச் சரிசெய்தார்கள். ஓர் எழுத்துக்கு அத்தனை அவசரம் காட்ட முடிந்தவர்கள், பிரிவு 46-ன் கீழே ‘பயிரிட்டவரின் தாய், தந்தை, கணவன் அல்லது மனைவிக்கு இது பொருந்தாது’ என்று ஒரு வரியும், பிரிவு 20-ல் ஒரு தொட்டிக்கும் ஒரு மலைக்கும் நடுவே ஒரு கோடும் போட, இன்னொரு கூட்டத்தொடரில் அரைநாள் ஒதுக்கினால் போதும்.

அடுத்த தேர்தலுக்கு திருவொற்றியூரில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் யாராவது அந்த இட்லிக் கடையில் உட்கார்ந்தால், கேட்டுப் பாருங்கள். சட்னி கொஞ்சம் காரமாக இருக்கும்.